கொத்தும் இறாத்தலும்

ஒரு சுண்டு எத்தனை கிராம் என்று உடுப்பிட்டியில் முதிய இல்லத்தரசி ஒருவரிடம் வினவினால், விடையாக வருவது மற்றொரு வினாவாகவே இருக்கும்: எதிலே ஒரு சுண்டு? அரிசியிலா, உழுந்திலா, மல்லியிலா, அவித்த கோதுமை மாவிலா? வினவியவர் எதிர்பார்த்தது ஓர் எண். அத்தகைய ஓர் எண் உலகில் இல்லை. பாத்திரம் ஒன்றே, நிரப்பும் கையும் ஒன்றே. ஆயினும் உள்ளே விழும் பொருளுக்கேற்ப நிறை இருமடங்குக்கு மேலும் வேறுபடும். பௌதிக நூலார் இதனை அடர்த்தி என்பர். அச்சொல்லை ஒருநாளும் கேட்டிராத கைகளும் அதன் பயனை நன்கறியும்.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகை அளவை வகுத்தனர் முன்னோர். இவற்றுள் முகத்தலுக்கும் எடுத்தலுக்கும் இடையேயுள்ள எல்லையைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில், அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எவ்வெவ்வெழுத்தை முதலாகக் கொண்டு வரும் என்று ஒன்பது எழுத்துக்களைக் குறிப்பிடுகின்றார். அங்கே அளவு என்பது முகந்து கொள்வது; நிறை என்பது தூக்கிக் காண்பது. இரண்டும் வெவ்வேறென்பது இலக்கணம் எழுதியவருக்கே தெரிந்திருந்ததென்றால், சந்தையிலே கொண்டவருக்கும் கொடுத்தவருக்கும் அது தெரியாமல் இருந்திராது.

ஆழாக்கு இரண்டு கொண்டது உழக்கு. உழக்கு இரண்டு உரி. உரி இரண்டு நாழி. நாழி எட்டுக் குறுணி. குறுணி இரண்டு பதக்கு. பதக்கு இரண்டு தூணி. தூணி மூன்று கலம். சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களில் மடைப்பள்ளிக்குரிய நிவந்தங்களைப் படிப்போர் இப்பெயர்களைத் திரும்பத் திரும்பக் காண்பர். அரிசியும் நெய்யும் தயிரும் முகந்தளக்கப்பட்டன, சர்க்கரை பலக் கணக்கில் நிறுக்கப்பட்டது, வாழைப்பழம் எண்ணப்பட்டது. தஞ்சைப் பெருங்கோயிலில் நெல் அளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்ற ஒரே பெயர் வழங்கியது. இறைவன் திருப்பெயரை அளவைக்கு இட்டவர்களின் உள்ளக்கிடக்கை எளிதில் விளங்கக் கூடியதே: அளவிலே பொய் செய்பவன் அப்பெயருக்கு அஞ்சட்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்கே, வடமராட்சியில், வல்வெட்டித்துறைக்குத் தெற்கிலும் நெல்லியடிச் சந்தைக்கு மேற்கிலும் உள்ள உடுப்பிட்டியில், இந்த முகத்தல் அளவை வெறும் கடைவீதிச் செய்தியாக இருந்ததில்லை. நிலத்தையே அது அளந்தது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் வரகு இலாச்சம், நெல் இலாச்சம் என்ற இரண்டு அளவுகள் வரும். வரகு இலாச்சம் 18 குழி. நெல் இலாச்சம் 24 குழி. முன்னதில் பதினாறும் பின்னதில் பன்னிரண்டும் ஓர் ஏக்கராகும். இரண்டிற்கும் பெருக்குத்தொகை 288 குழி என்பதைக் கணக்குப் பார்ப்போர் உடனே காண்பர். விதைக்கும் தானியத்தின் பெயரால் மண்ணின் பரப்பைச் சொன்ன மக்களுக்கு, தானியம் மாறினால் அளவும் மாறும் என்பது பிறவியிலேயே வாய்த்த அறிவு. வரகு விதைப்பு அருகிப் போய் நெடுங்காலமாகியும் அதன் பெயர் உறுதிகளில் வாழ்கின்றது. அளவைப் பெயர்களுக்கு ஆயுள் அதிகம். இக்கட்டுரை முழுவதும் அதனைக் காணலாம்.

1706, 1707ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தர் ஆணைப்படி தேசவழமை தொகுக்கப்பட்டபோது, கடன் பற்றிய பகுதியில் பணத்தோடு தானியமும் இடம்பெற்றது. நெல்லைக் கடன் கொண்டவன் விளைவு கண்டதும் நெல்லாகவே திருப்பினான். வட்டியும் நெல்லாகவே சென்றது. அத்தகைய கொடுக்கல் வாங்கலிலே தராசுக்கு வேலை இல்லை. ஒரே அளவுப் பாத்திரம் போகும்போதும் வரும்போதும் பயன்படுமாயின், அது எத்தனை பெரிதென்பதுகூடப் பெரிய வினாவன்று. பொருள் ஊரைக் கடந்து, கடலைக் கடந்து, முன்பின் அறியாதவன் கைக்குச் செல்லும்போதுதான் நிறை என்ற பொதுமொழி தேவைப்படுகின்றது.

அத்தேவை பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் அச்சிலே ஏறியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த வணிக அளவை நூல்களில் இலங்கைக்குரிய பட்டியலொன்று உண்டு. அதன்படி சுண்டு நான்கு கொண்டது ஒரு சேர். சேர் இருபத்து நான்கு கொண்டது ஒரு பறை. பறை எட்டுக் கொண்டது ஓர் அவணம். பறை என்பது உள்ளளவில் எப்பக்கமும் 11.57 அங்குலமுள்ள சதுரப் பெட்டி; சேர் என்பது 4.35 அங்குல ஆழமும் அதே குறுக்களவுமுள்ள உருளை. இவ்விரு வடிவங்களின் கனவளவையும் பெருக்கிப் பார்த்தால், பறையில் இருபத்து நாலிலொரு பங்கே சேர் என்பது மிகச் சிறிய வித்தியாசத்தோடு பொருந்துகின்றது. அந்நாளைய தச்சனும் கன்னானும் செய்த வேலையில் அவ்வளவு திட்பம் வேண்டப்பட்டது.

அப்பட்டியலின் அடியிலே உள்ள சில வரிகள்தாம் இங்கே சிறப்பாகக் கருதத்தக்கவை. ஒரு பறை உப்பு 52 முதல் 55 இறாத்தல். ஒரு பறை அரிசி 42 முதல் 46. கோப்பி 30 முதல் 35. நெல் 30 முதல் 33. மிளகு 27 முதல் 30. முகத்தலை நிறுத்தலாக மாற்றுவதற்கு இலங்கையில் அச்சேறிய பழைய வாய்பாடுகளுள் இஃது ஒன்று. இதனை எழுதியவன் நேர்மையாளன் என்றே சொல்லவேண்டும். எந்தப் பொருளுக்கும் அவன் ஒரே எண்ணைத் தரவில்லை. இதிலிருந்து இதுவரை என்று எல்லை காட்டி நிறுத்திக்கொண்டான். மழையில் அறுத்த நெல்லும் வெயிலில் உலர்ந்த நெல்லும் ஒரே நிறை காட்டா. பதர் மிகுந்த நெல் பறையை நிரப்பும், தராசை அசைக்காது. உடைந்த அரிசி இடுக்குகளிலே புகுந்து நெருங்கிக் கிடக்கும்; முழு அரிசி அவ்வாறு நெருங்காது. பின்வந்த சமையல் நூல்கள் பலவற்றில் ஒரு கோப்பை மா இத்தனை கிராம் என்று ஐயமின்றி எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது, பெயர் தெரியாத அந்த வணிகக் கணக்கனின் அடக்கம் பெரிதாகத் தோன்றுகின்றது.

அதே பட்டியலில் சுண்டுக்கும் சேருக்கும் முன்னால் 'வெட்டிய' என்ற பொருள்தரும் அடைமொழி ஒன்று நிற்கின்றது. தலைவெட்டி, அதாவது வாயோடு மட்டமாக வழித்து அளந்த சுண்டு என்பது அதன் கருத்து. அவ்வாறு சொல்லவேண்டி இருந்ததிலிருந்தே, தலைவெட்டாத சுண்டும் வழக்கில் இருந்ததென்பது பெறப்படும். குவித்து அளத்தலும் வழித்து அளத்தலும் வெவ்வேறு. குவியலிலே எத்தனை சிறங்கை அடங்கும் என்பது அளப்பவன் மனத்தையும் மணிக்கட்டையும் பொறுத்தது. உயரத்திலிருந்து சொரிந்தால் அரிசி இறுகி விழும். தாழ்ந்து நின்று மெல்லச் சரித்தால் இளகிக் கிடக்கும். விற்பவன் மெல்லச் சரிப்பான். வாங்குபவள் பாத்திரத்தை ஒருமுறை தட்டச் சொல்வாள். இந்தத் தட்டல் ஒன்றிலே கிராமத்தின் பொருளாதாரம் முழுவதும் ஒடுங்கிக் கிடந்தது என்று கூறினால் மிகையாகாது. அருவி வெட்டினவருக்கும் நெல் குற்றினவருக்கும் கூலி தானியமாகவே அளக்கப்பட்ட காலத்தில், பாத்திரத்தின் வாயிலே நின்ற குவியல் ஒரு குழந்தையின் இராச்சோறாக இருந்தது. அதனை ஒரு கோல் கொண்டு வழித்தெறிந்தவன் களவு செய்யவில்லை. ஆயினும் கொடுத்திருக்கக் கூடியதைக் கொடாமற் போனான்.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1824இல் இயற்றிய சட்டத்தில் கலன் என்னும் அளவுக்கு இலக்கணம் வகுத்தபோது, பத்து இறாத்தல் நீர் கொள்ளும் இடமே கலன் என்றது. முகத்தலும் நிறுத்தலும் நீரில் கைகோத்த இடம் இது. பிரான்சியர் அதற்கு முன்னரே தங்கள் மெற்றிக் முறையில் ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் என்று இயைபு கண்டிருந்தனர். நீர் நேர்மையான பொருள். குவியாது, பதர் இல்லாதது, தட்டினால் இறுகாதது. தானியத்திடம் அந்தக் குணங்களுள் ஒன்றும் இல்லை. எட்டுக் கலன் கொண்ட புசலிலே நீர் 80 இறாத்தல் கொள்ளும். அதே புசலில் அரிசி 64 இறாத்தலும் நெல் 46 இறாத்தலுமே கொள்ளும் என்று இலங்கையில் கணக்கு நிலைபெற்றது.

புசலை முப்பத்திரண்டாகப் பகுத்தால் ஒரு கொத்து. ஆகவே ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல். கொத்தில் நாலிலொன்று சுண்டு; ஒரு சுண்டு அரிசி அரை இறாத்தல், அதாவது ஏறத்தாழ 227 கிராம். இந்தப் பாத்திரங்களில் எல்லாம் அடங்கிய ஒரு கணக்கு கிராமத்தில் யாவரும் அறிந்தது: இரண்டு கொத்து நெல்லுக்கு ஒரு கொத்து அரிசி. கொத்தைக் கொண்டு பார்ப்பவருக்குக் குற்றும்போது நெல்லிற் பாதி போய்விடுகின்றது. தராசைக் கொண்டு பார்ப்பவருக்கோ 46 இறாத்தல் நெல்லில் 32 இறாத்தல் அளவுக்கு அரிசி கிடைக்கின்றது. போவது மூன்றிலொரு பங்குக்கும் குறைவே. இருவரும் பொய் சொல்லவில்லை. உமி நிறையில் எளியது, இடத்தை அடைப்பதில் பெரியது, அவ்வளவுதான்.

உடுப்பிட்டியின் வயல்கள் மாரி மழையை நம்பியவை. குடாநாட்டின் விளைவு குடாநாட்டு வயிற்றுக்குப் போதாத நிலை பழையது. பர்மா அரிசியும் இந்திய அரிசியும் கப்பலேறி வந்தன. பக்கத்து வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் அவ்வணிகத்திற் பெயர் பெற்றவை. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அதனோடு இலங்கையின் அடுப்பங்கரைகளில் ஒரு யுகம் முடிந்தது. அரசாங்கம் அவ்வாண்டிலே அரிசிப் பங்கீட்டைத் தொடங்கியது. கூப்பன் புத்தகம் வீடுதோறும் வந்தது. சங்கக்கடைகள் ஊர்தோறும் பெருகின.

தலைமுறை தலைமுறையாக முகந்தே பழகிய சமூகத்திற்கு நிறுத்தலைக் கற்பித்தது பள்ளிக்கூடமன்று, கூப்பன் கடையே. துறைமுகத்தில் மூட்டை நிறையாக இறங்கியது; களஞ்சியத்தில் நிறையாகப் பதிவாயிற்று; கடைக்கு நிறையாக வந்தது. மூட்டையைப் பெற்றுக்கொண்ட முகாமையாளர் இறாத்தற் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர். வரிசையில் நின்றவரோ கொத்துக் கணக்கில் கேட்டார். இரண்டிற்கும் பாலமாக 'கொத்து என்பது இரண்டு இறாத்தல்' என்ற வாய்பாடு நின்றது. நாளடைவில் அது பாலமாக இராமல் இலக்கணமாகிவிட்டது. கொத்து என்ற சொல் ஒரு பாத்திரத்தின் பெயராக இருந்து, ஒரு நிறையின் பெயராக உருமாறியது. நெல் விலைக்கும் இதுவே நேர்ந்தது. 1950-களில் உத்தரவாத விலைத் திட்டத்தில் புசலுக்கு 12 ரூபா என்று அரசாங்கம் நெல்லைக் கொண்டபோது, புசல் என்பது 46 இறாத்தல் என்றே பொருள்பட்டது.

இம்மாற்றத்தால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்று ஒரு சொல்லில் தீர்ப்பளிக்க முடியாது. வழித்தளந்த கொத்தின் கஞ்சத்தனத்திலிருந்து ஏழையைத் தராசு காப்பாற்றியது. அதே தராசு, குவித்தளந்த கொத்தின் பெருந்தன்மையையும் கொண்டுபோயிற்று. இளகச் சரிக்கும் வித்தை பயனற்றதாயிற்று. அதற்குப் பதிலாக ஈர அரிசியும் கல்லும் வந்து சேர்ந்தன. முகத்தலில் இடமே பொருள். நிறுத்தலில் பாரமே பொருள். ஈரம் விற்பவன் பக்கமே நிற்கும். நெல்லைக் கொள்வனவு செய்யும் நிலையங்களில் ஈரப்பதனை அளக்கும் கருவி பின்னாளில் தராசின் அருகிலே வந்து அமர்ந்தது இதன் பொருட்டே.

சொல் எவ்வளவு வல்லது என்பதை நாட்டின் அரசியல் காட்டிற்று. 1953ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவரே மீண்டும் பிரதமராக இருந்த 1966ஆம் ஆண்டு டிசம்பரில், வாரத்திற்கு 4 இறாத்தலாக இருந்த பங்கீடு 2 இறாத்தலாகக் குறைந்தது. அந்த 2 இறாத்தல் விலையின்றி வழங்கப்பட்டது. அரசாங்க ஏட்டில் அது இறாத்தல். மக்கள் வாயிலோ அது ஒரு கொத்து போயிற்று, ஒரு கொத்து நின்றது என்றே வழங்கியது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் சிறீமாவோ பண்டாரநாயக்காவின் அணியினர் இழந்த கொத்தை மீட்டுத் தருவதாக வாக்களித்தனர். சந்திரனிலிருந்தேனும் அரிசி கொண்டுவருவோம் என்று சொல்லப்பட்டது நெடுங்காலம் மக்கள் நினைவில் நின்றது. சந்திரனில் மனிதன் இறங்கி ஓராண்டுகூட நிறையாத காலம் அது.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே காட்சிதான். இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 அக்டோபரிலிருந்து மெற்றிக் நிறைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் 1967இல் தமிழ்நாட்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் ரூபாய்க்குப் படி அரிசி என்றே முழங்கியது. கிலோ என்று முழங்கவில்லை. வயிற்றைப் பற்றிப் பேச விரும்புவோர் சட்டத்தின் சொல்லை விட்டு அடுக்களையின் சொல்லையே தேர்ந்தனர். சென்னையில் படி, உடுப்பிட்டியில் கொத்து. பெயர் வேறாயினும் செய்தி ஒன்று.

இலங்கையிலே மெற்றிக் முறைக்கு வழிசெய்த சட்டம் 1974ஆம் ஆண்டுக்குரியது. கடைகளிலே இறாத்தற் படிக்கல் மறைந்து கிலோப் படிக்கல் வந்தமை அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் சிறிது சிறிதாக நடந்தது. ஓர் இறாத்தல் என்பது 454 கிராம். அரைக் கிலோ என்பது 500 கிராம். இடையிலுள்ள 46 கிராமைச் சந்தையிலே யாரும் பொருட்படுத்த விரும்பவில்லை; இறாத்தல் வாங்கினவர் அரைக் கிலோ வாங்கத் தலைப்பட்டார். வெங்காயமும் மிளகாயும் விளைவித்த தோட்டக்காரருக்கு 112 இறாத்தல் கொண்ட அந்தர் இருந்தது. அது 50 கிலோ மூட்டைக்குப் பெயராக நீடித்தது. பாண் மட்டும் பிடிவாதமாக இறாத்தலாகவே நின்றது. 450 கிராம் நிறையுள்ள பாணை இன்றும் மக்கள் ஓர் இறாத்தல் பாண் என்றே கேட்கின்றனர். எண்ணெய் வகையில் நிலைமை தலைகீழ். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் போத்தற் கணக்கில் நிலைத்தன. போத்தல் 750 மில்லிலீற்றர். தேங்காயெண்ணெய் நீரிலும் இலேசானதாகையால் அதன் நிறை 700 கிராமையும் எட்டாது. பனங்கட்டியோ இவ்விரண்டிலும் அகப்படாமல் குட்டான் குட்டானாக எண்ணப்பட்டது.

இவ்வாறு கடை தராசுக்குப் பணிந்தபின்னும் அடுப்பங்கரை பணியவில்லை. கன்னான் செய்த சுண்டு தேய்ந்து போன வீடுகளில் அதன் இடத்தை ரின்பால் பேணி பிடித்துக்கொண்டது. 397 கிராம் கட்டிப்பால் அடங்கிய அப்பேணி ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் கொள்வது. முறையான சுண்டு 284 மில்லிலீற்றர் ஆதலால், பேணி சற்றே பெரிது. வெறுமையான பேணியின் வாயைத் தட்டிச் சீராக்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டால் தலைமுறைக்கு ஓர் அளவை கிடைத்துவிடும். பழமையை விடாப்பிடியாகப் பற்றியிருத்தல் என்று இதனை எண்ணுவோர் சமைத்தறியாதவர். அரிசிக்கு நீர் விடுவது நிறைக் கணக்கன்று, இடக் கணக்கு; ஒரு பேணி அரிசிக்கு இத்தனை பேணி நீர் என்பதில் பேணி பெரிதாயினும் சிறிதாயினும் சோறு ஒன்றாகவே வேகும். விகிதத்தை மட்டும் காப்பாற்ற வேண்டிய இடத்தில், எது கையில் உள்ளதோ அதுவே அளவை.

இடர் தோன்றுவது மாவிலே. பொருள்களுள் மாவைப் போல அளவையை ஏமாற்றுவது வேறொன்றில்லை. கோதுமை மாவை அவித்து அரித்தெடுத்தால் காற்று ஊடாடி இலகுவாகும். அமர்த்தி நிரப்பிய பச்சை மா அதே பேணியில் கணிசமாக அதிகம் கொள்ளும். இடியப்பத்திற்கு வறுத்த அரிசிமா, புட்டுக்கு அதற்கேற்ற பதத்து மா, மோதகத்திற்கு வேறொரு பதம் என்று பழகிய கைகள், பேணியைப் பார்ப்பதைவிடக் குழைக்கும்போது விரலிடுக்கில் ஒட்டும் பதத்தையே நம்பின. அரியதரத்தில் நிலை இன்னும் சிக்கலானது. ஊறவைத்து இடித்த அரிசிமாவில் நீர் ஏறியிருக்கும். அதனைத் தராசில் வைத்தால், காட்டும் நிறையில் அரிசி எவ்வளவு, நீர் எவ்வளவு என்று தராசு சொல்லாது. பேணியாலும் அதனைச் செம்மையாக அளக்க முடியாது, ஈரமா கட்டிகட்டியாக நிற்கும். ஆதலின் ஊறப்போடுவதற்கு முன்பே உலர்ந்த அரிசியைச் சுண்டால் அளந்துவிட்டு, அதற்கேற்பச் சீனியையோ சர்க்கரையையோ கணக்கிடுவது வழக்கமாயிற்று. மாற்றத்துக்குட்படாத நிலையிலே பொருளை அளத்தல் என்னும் இவ்விதி ஆய்வுகூடங்களிலும் கைக்கொள்ளப்படுவதே.

மிளகாய்த்தூள் மற்றொரு வகை. செத்தல் மிளகாயைப் பேணியால் அளப்பது வீண். நீண்டும் வளைந்தும் கிடந்து காற்றையே அளக்கும். ஆகவே அது கடையிலிருந்து நிறையாகவே வந்தது. மல்லி, சீரகம், வெந்தயம் ஆகியவை சுண்டுக்கும் கரண்டிக்கும் இணங்கும். இதனால் ஒரு வீட்டின் தூள் பக்குவம் இரு மொழிகளில் எழுதப்பட்டதாக அமைந்தது: செத்தல் இத்தனை இறாத்தல், மல்லி இத்தனை சுண்டு. சுண்டு மல்லி 100 கிராம் அளவே நிற்கும். அதே சுண்டு வெந்தயம் அதைப்போல் இருமடங்கு நிற்கும். உள்ளூரில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. அம்மாவின் சுண்டும் மகளின் சுண்டும் ஒன்றே. ஆலைக்குக் கொண்டுபோய்த் திரித்துவந்த தூளின் நிறத்தைப் பார்த்தே குறை நிறை கண்டுகொள்வர்.

1983ஆம் ஆண்டின் பின் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தனர். உடுப்பிட்டியார் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடும்பம் அமைத்தனர். பக்குவங்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் சென்றன. அங்கே சுண்டு இல்லை, கோப்பை இருந்தது. சுண்டைக் கோப்பை என்று கொள்வது இயல்பான செயல். ஆனால் அமெரிக்கக் கோப்பை 237 மில்லிலீற்றர். சுண்டில் ஆறிலைந்து பங்கே அது. எல்லாவற்றையும் கோப்பையால் அளந்திருந்தால் விகிதம் கெட்டிராது. ஆனால் செத்தல் மிளகாய் பொதியிலே நிறையாகக் கிடைத்தது. மல்லி மட்டும் கோப்பையில் விழுந்தது. மல்லி ஆறிலொரு பங்கு குறைய, உறைப்பு மேலோங்கியது. ஊரில் ஊதிய கறியின் மணம் ஏன் இங்கே இல்லை என்று பனியையும் நீரையும் பலர் நொந்திருக்கக் கூடும். குற்றம் பாத்திரத்திலும் இருந்தது. தேங்காயும் அவ்வாறே. ஒரு தேங்காய் என்று பக்குவம் சொல்லும். எந்த மரத்துத் தேங்காய் என்று அது சொல்வதில்லை.

வட அமெரிக்கா கோப்பையைக் கைக்கொண்ட வரலாற்றில் இவ்வூருக்குச் சிறு தொடர்பொன்று காட்டலாம். 1896ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்துச் சமையற் கல்லூரியின் தலைவி பனி பார்மர் அம்மையார் வெளியிட்ட சமையல் நூல், கோப்பையையும் கரண்டியையும் கத்தி முதுகால் மட்டமாக வழித்தே அளக்கவேண்டும் என்று வற்புறுத்திப் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1816ஆம் ஆண்டு முதல் பணியாற்றி, உடுப்பிட்டியிலும் பள்ளி நிறுவிய அமெரிக்க மிஷனின் தலைமைச் சங்கம் அமைந்திருந்ததும் அதே பொஸ்ரன் நகரில்தான். அங்கே புதுமை என்று போற்றப்பட்ட வழித்தளத்தல், இங்கே பல தலைமுறைக்கு முன்னரே வெட்டிய சுண்டு என்ற பெயரில் வழங்கியது. மிஷன் ஆசிரியர்கள் அதனைக் கண்டு தம் ஊருக்கு எழுதினார்கள் என்று கூற இடமில்லை. இரண்டு ஊர்களிலும் குவியலால் ஒரே தகராறு விளைந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம்.

இன்று பக்குவத்தை எழுதிவைக்க முனையும் பேரப்பிள்ளைகள் கண்ட வழி எளியது. மின் தராசின்மேல் வெறும் பேணியை வைத்து, காட்டும் எண்ணைச் சுழியாக்கிவிடுகின்றனர். பாட்டியார் வழக்கம்போல அரிசியைச் சொரிந்து, ஒருமுறை தட்டி, உள்ளங்கையால் வழித்துவிடுகின்றார். ஓர் எண் எழுதப்படுகின்றது. பின் உழுந்து, பின் மல்லி, பின் மா. மாவுக்கு மூன்றுமுறை நிறுத்தால் மூன்று எண்கள் வருகின்றன. இதிலிருந்து இதுவரை என்று எழுதுவதைத் தவிர அவர்களுக்கும் வேறு வழியில்லை.